மாடி அறைக் கம்ப்யூட்டர்

என் பிள்ளை விஷால் ஊருக்கு வருவதற்கு ஒரு நிபந்தனை போட்டான். மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டர் தயாராக இருக்க வேண்டும். லேப்டாப் போதாதாம். கனடாவில் ஹாலிஃபாக்ஸ் என்கிற ஊரில், அனிமேஷன் படங்களுக்கு வெளிச்சம் போடுகிற வேலை அவனுக்கு. விளக்கும் கிடையாது, வயரும் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே. அதற்கு யானை பலமுள்ள மிஷின் வேண்டும்.

"அது ஓட ஆரம்பிச்சிடுச்சுன்னா அங்கேர்ந்தே நான் வேலை பார்க்கலாம்மா. ரெண்டு மூணு மாசம் இருப்பேன். மிஷின் ரெடியானதும் டிக்கெட் போடறேன்" என்றான்.

இரண்டு மூன்று மாசம்! அவனை நேரில் பார்த்தே வருஷக்கணக்காகிறது. பெற்ற பிள்ளை வீட்டுக்கு வர யானை பலமுள்ள மிஷின் வேண்டும் என்று வேறு எந்த அம்மாவிடமும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. பீரங்கி வேண்டும் என்று கேட்டிருந்தாலும் எங்கே கிடைக்கும் என்று விசாரித்திருப்பேன்.

விசாரித்தவர், வாங்கியவர் எல்லாம் என் வீட்டுக்காரர் கோபாலகிருஷ்ணன்தான். கல்பாக்கத்தில் கருவிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது எங்கள் கும்பகோணம் பக்கம் போய்விடலாம் என்றேன். கடல் காற்று பழகிவிட்டது என்று மாமல்லபுரத்திலேயே வீட்டைக் கட்டினார். கடல் காற்று வருகிறதோ இல்லையோ, அடுத்த மனையில் இருக்கும் சிற்பக் கூடத்திலிருந்து கல் அறுக்கிற மிஷினின் இரைச்சலும் தூசியும் தவறாமல் வருகின்றன. தினமும் துடைக்கிறேன். துடைத்துத் திரும்பினால் மேஜைமேல் பெயர் எழுதலாம்.

விஷால் போனில் சொல்லச் சொல்ல, இவர் சென்னைக்கு பஸ் ஏறிப் போய் ரிச்சி தெருவில் சாமான்களை வாங்கி வந்தார். பெட்டி, போர்டு, ஃபேன், இன்னும் என்னென்னவோ. எல்லாவற்றையும் என் சாப்பாட்டு மேஜைமேல் பரப்பினார். நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அதில் இரண்டு சின்னத் தகடுகள் இருந்தன. பாதிச் சீப்பு அளவுகூட இல்லை.

"இதுதான் டிரைவ். எல்லாத்தையும் சேர்த்து வைக்கிற இடம். ரெண்டையும் இணைச்சு ஒண்ணா ஆக்கணும்னு உன் புள்ள உத்தரவு போட்டிருக்கான்" என்றார்.

அது எதற்கு என்று நான் அன்று விஷாலிடமே கேட்டேன். பொறுமையாகச் சொன்னான். எந்த வேலையாக இருந்தாலும் துண்டு துண்டாக நறுக்கி, ஒரு துண்டை இதில், அடுத்த துண்டை அதில் என்று மாற்றி மாற்றி எழுதுமாம். இரண்டு பேர் உட்கார்ந்து காய் நறுக்குகிற மாதிரி, சீக்கிரம் முடிந்துவிடும்.

"ஒண்ணு கெட்டுப் போனா?"

"ரெண்டுமே போச்சும்மா. பாதித் துண்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"அப்புறம் எதுக்குடா அப்படிப் பண்ணிக்கிட்டு?"

"வேகம்மா" என்று சிரித்தான். வேகம் இருக்கிறவர்களுக்கு வேறு எதுவும் வேண்டாம் போலிருக்கிறது.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் உபயோகத்துக்கு எடுப்பதில்லை. கேஸ் அடுப்பு, வாஷிங் மிஷின், ஸ்கூட்டர் எல்லாம் பொட்டோடுதான் வேலையை ஆரம்பித்தன. இவருடைய பல்செட்டை மட்டும் போனால் போகிறது என்று விட்டேன். இவர் குளிக்கப் போன நேரத்தில் மேஜையில் இருந்த அத்தனைக்கும் ஆளுக்கொரு பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, என் பிள்ளையை நல்லபடியாகக் கொண்டு வந்து சேர் என்று அந்தச் சாமான்களிடமே சொன்னேன். குளித்துவிட்டு வந்தவர் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார், துடைக்காமல் பூட்ட ஆரம்பித்தார். ஒன்று தெரியுமா, நான் வைத்த பொட்டை அவர் ஒருநாளும் அழித்ததில்லை.

மாடி அறையில் கம்ப்யூட்டரை வைத்து ஆன் செய்தார். ஃபேன் சுற்றியது, திரை வெளிச்சமாயிற்று. விண்டோஸை ஏற்றப் போனபோது, ஏற்றுவதற்கு டிரைவ் எதுவுமே இல்லை என்று அது சொல்லிவிட்டது. இவர் இரண்டு முறை, மூன்று முறை முயன்றார். அதே பதில். கல்பாக்கத்தில் எத்தனையோ கருவிகளுக்கு உயிர் கொடுத்தவர், அன்று மாடியிலிருந்து இறங்கி வந்த முகத்தைப் பார்த்து நான் காபியைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

அங்கேதான் எனக்கு நல்ல காலம் பிறந்தது.

அதுவரை விஷால் ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவான். "அம்மா எப்படி இருக்கே, அங்க மழையா, அப்பாவுக்கு பிரஷர் பார்த்தீங்களா, சரி வெச்சிடறேன்." மனப்பாடம் செய்த பாடம் மாதிரி வந்து போகும். மிஷின் மக்கர் செய்ததும் தினமும் காலையில் கூப்பிட ஆரம்பித்தான். அவனுக்கு அது ராத்திரி, வேலை முடிந்து வீட்டுக்கு வந்த நேரம். எங்களுக்குக் காபி நேரம். இவர் போனைத் திரைக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து கொள்வேன். அந்தப் பக்கம் அவன் முகம் பெரிதாகத் தெரியும். தாடி வைத்திருந்தான். இடது பக்கம் ஒரு நரை கூட வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் அதை நான் பார்த்ததே இல்லை.

"ரெண்டையும் இணைக்கிற செட்டிங்கை ஆன் பண்ணினதால, விண்டோஸுக்கு அந்த டிரைவ் எல்லாம் என்னன்னே புரியலைப்பா. அதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. போர்டு கம்பெனி சைட்லேர்ந்து இறக்கி, பென்டிரைவ்ல போட்டு, கேக்கும்போது அதைக் காட்டணும்."

இவர் இறக்கினார், போட்டார், காட்டினார். அதில் ஒன்றுமே இல்லை என்றது மிஷின். மறுநாள் காலை விஷால் கேட்டான்:

"அப்பா, அது மூட்டையாத்தான் வந்திருக்கும். பிரிச்சுப் போட்டீங்களா?"

"பிரிக்கணும்னு நீ சொல்லலையேடா."

"அரிசியைப் பையோட குக்கர்ல வெப்பீங்களா?"

நான் சிரித்ததில் காபி புடவையில் கொட்டியது. இவர் முறைத்தார். அவனும் சிரித்தான். பள்ளிக்கூடம் போகிற வயதில், அப்பாவை நான் கேலி செய்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பானே, அதே சிரிப்பு. எவ்வளவு நாளாயிற்று அதைக் கேட்டு.

மூட்டையைப் பிரித்துப் போட்டதும் டிரைவ் தெரிந்தது. ஆனால் ஒன்றுதான் தெரிந்தது. இரண்டாவது வரவில்லை. விண்டோஸுக்குப் போகாமல், ஆன் செய்ததும் வருகிற அமைப்புப் பக்கத்துக்குப் போய்ப் பார்க்கச் சொன்னான். அங்கேயும் ஒன்றுதான். ஒன்றை வைத்துக்கொண்டு எதை எதோடு இணைப்பது? அந்தப் பக்கத்தில் இருந்த ஒவ்வொரு செட்டிங்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஒரு காலையில் ஒன்று, மறு காலையில் வேறொன்று. நடுநடுவே, மிஷின் திரும்ப ஆன் ஆகும் வரைக்கும் நிற்கிற அந்தச் சின்ன இடைவெளிகளில் எனக்கும் அவனுக்கும் பேச்சு. என்ன சமைத்தான், பக்கத்து வீட்டில் யார், பனி எவ்வளவு உயரம். ஒருநாள், கூடுவாஞ்சேரியில் அவனோடு படித்த ஹேமந்துக்குக் குழந்தை பிறந்த செய்தியைச் சொன்னேன். "அவன் குழந்தையைக் கையில தூக்கிட்டு நிக்கறதை நினைச்சே பார்க்க முடியலைம்மா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பித்தான். மிஷின் ஆன் ஆகிவிட்டது, இவர் "ம், சொல்லுடா" என்ற பிறகுதான் திரும்பினான்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற காசியம்மாள் ஒருநாள் என்னை உற்றுப் பார்த்தாள்.

"இன்னாம்மா, மூஞ்சி பளிச்சுனு கீது? புள்ள வந்துகினு கீதா?"

"வரப் போறான் காசியம்மா. மிஷின் ஒண்ணு ரெடியாகணும்."

"மிஷினுக்கும் புள்ளைக்கும் இன்னாம்மா சம்மந்தம்? வான்னா வரப் போவுது."

தோசை ஒன்று அதிகமாகக் கொடுத்து அனுப்பினேன்.

கடைசியில் விஷால், எல்லாவற்றையும் கழற்றி, அந்தத் தகடுகளை எடுத்து மறுபடியும் சொருகச் சொன்னான். இவர் அன்று மத்தியானமே பெட்டியைத் திறந்தார். மேலே மூடியிருந்த அலுமினியப் பட்டையை எடுத்தார், திருகாணியைக் கழற்றினார், இரண்டாவது தகட்டை உருவினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"ஞானம், இங்க வா. இது என்ன?"

தகட்டின் ஒரு ஓரத்தில் தங்க நிறத்தில் பல் பல்லாக இருக்கும். அதுதான் போர்டைத் தொட்டுப் பேசுகிற இடமாம். அந்தப் பற்களின் மேல் என் சந்தனம் காய்ந்து கெட்டியாக அப்பிக் கிடந்தது. குங்குமம் இடுக்கெல்லாம் புகுந்திருந்தது. முதல் தகட்டுக்கு ஸ்டிக்கரின் நடுவில் வைத்திருக்கிறேன். இரண்டாவதற்கு, தங்கமாக மின்னுகிற பக்கம்தான் அதன் முகம் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

பிள்ளை வர வேண்டும் என்று வைத்த பொட்டு, அவன் வருகிற வழியில் போய் உட்கார்ந்திருக்கிறது. இவர் கத்துவார் என்று பார்த்தேன். இவர் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். பென்சில் அழிக்கிற ரப்பரால் பற்களை மெல்லத் தேய்த்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தார். தகடு பளபளத்தது.

"சொருகி ஆன் பண்ணிடட்டுமா?" என்றார்.

ஆன் செய்தால் இரண்டும் தெரியும். விண்டோஸ் ஏறிவிடும். நாளைக் காலையில் கூப்பிட அவனுக்கு ஒன்றும் இருக்காது.

"இன்னிக்கு அஷ்டமி" என்றேன். "நாளைக்கு நவமி. அதுக்கப்புறம் பண்ணுங்களேன்."

நான் சொன்னது பொய்யில்லை, காலண்டரில் போட்டிருந்தது. ஆனால் அஷ்டமியன்று வாஷிங் மிஷின் வாங்கினவள் நான். அது இவருக்கும் தெரியும். நாள் நட்சத்திரம் என்று நான் வாயைத் திறந்தாலே, "ராகு காலம் பார்த்தா நாங்க ரியாக்டரை ஓட்டினோம்?" என்று ஆரம்பித்துவிடுவார். அன்று ஆரம்பிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். தகட்டை அதன் பெட்டியிலேயே வைத்து மூடினார்.

"நவமியும் கழியட்டும்" என்றார்.

மறுநாள் காலை விஷால் கூப்பிட்டான். "கழட்டிட்டுத்தான் இருக்கேன்டா, திருகாணி இறுகிக் கிடக்கு" என்று இவர் கண் கொட்டாமல் பொய் சொன்னார். அதற்கு மறுநாளும் அந்தத் திருகாணியே. கழற்றுவதற்கு அவன் விதவிதமாக வழி சொன்னான். பேச்சு எங்கெங்கோ போயிற்று. வேடந்தாங்கலுக்குக் கூட்டிப் போனபோது, பறவை எல்லாம் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று இவரைத் துளைத்தெடுத்தானே, அதை அவனே நினைவுபடுத்தினான். போனை எடுத்துக்கொண்டு போய் அவன் சமையலறையைக் காட்டினான். ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு வாணலி. எல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு சுத்தமாக இருக்கிற சமையலறையில் எவன் ஒழுங்காகச் சாப்பிடுவான்?

அன்று போனை வைத்ததும் நானே இவரிடம் சொன்னேன்: "போதும். மாட்டிடுங்க. அவன் வரட்டும்."

தசமியன்று மாட்டினார். இரண்டு டிரைவும் தெரிந்தன. இணைத்தார். திரையில் இரண்டும் சேர்ந்து ஒன்றாகக் காட்டியபோது நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். விண்டோஸ் ஏறியது. விஷாலிடம் இவர், "லூஸ் கான்டாக்ட்டுடா" என்று மட்டும் சொன்னார். என்னை மாட்டிவிடவில்லை.

"சூப்பர்ப்பா! கலக்கிட்டீங்க" என்றான் அவன்.

"டிக்கெட் போடுடா" என்றேன் நான்.

"போடறேம்மா. முதல்ல சாஃப்ட்வேர் எல்லாம் ஏத்தணும். அதுக்கு நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். மிஷினை ஆஃப் பண்ணாம விடுங்க. நான் இங்கேர்ந்தே உள்ள வந்து பார்த்துக்கறேன்."

அப்படி ஒரு வசதி இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. அங்கே உட்கார்ந்தபடியே இங்கே இருக்கிற மிஷினை ஓட்டலாமாம். காலையில் மாடி அறையைப் பெருக்கப் போனால், யாரும் இல்லாத அறையில் திரை விழித்துக்கொண்டிருந்தது. அம்புக்குறி தானாக நகர்ந்தது. ஒரு பெட்டி திறந்தது, மூடியது. துடைப்பத்தோடு அப்படியே நின்றேன்.

சாஃப்ட்வேர் ஏறி முடிந்தது. அம்புக்குறி வருவது நிற்கவில்லை. தினமும் காலையில், முன்பு அவன் கூப்பிடுகிற அதே நேரத்துக்கு வந்துவிடும். போன்தான் வரவில்லை. அது பழையபடி ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டது.

"இந்த மிஷின் பிரமாதமா ஓடுதும்மா" என்றான் ஒரு ஞாயிறு. "நான் ராத்திரி படத்தை அதுல போட்டு விட்டுட்டேன்னா காலையில முடிச்சு வெச்சிடுது. ரொம்ப உபயோகமா இருக்கு."

"நீ எப்படா வரே?"

"வரணும்மா. இந்தப் படம் முடியட்டும். லீவு கேட்டிருக்கேன். பார்க்கலாம்."

இவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். என்ன நடந்தது என்று அவருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில்தான் புரிந்தது. வருவதற்காக ஒரு மிஷின் செய்தோம். அது வராமலே வேலையை முடித்துக் கொடுக்கிறது. அவன் ஏமாற்றினான் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்டபோது வரத்தான் நினைத்திருப்பான். வருவதற்கு வேறு என்ன தடை அங்கே இருக்கிறது, வேலையா, பணமா, மனசா, அதை அவன் சொல்லவில்லை. மிஷின் கெட்டுக் கிடந்தவரை அவனும் அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதிலிருந்து நான் காலைக் காபியை மாடிக்கு எடுத்துப் போக ஆரம்பித்தேன். அதே முக்காலி. அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சொன்னால் சிரிப்பீர்கள், அது என் பிள்ளை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. யோசனை வந்தால் அது ஓரிடத்தில் சும்மா வட்டம் போடும். சின்ன வயதில் கணக்கு வராவிட்டால் தட்டில் ஸ்பூனை அப்படித்தான் சுற்றிக்கொண்டிருப்பான். தப்பு செய்துவிட்டால் விருட்டென்று மூலைக்குப் போய் நிற்கும். சில நாள் வெகு நேரம் அசையாது. தூங்கிவிட்டானோ என்று எனக்குக் கவலையாக இருக்கும்.

நேற்றுக் காலை அப்படி அசையாமல் நின்றது. திரையின் ஓரத்தில், வேலைக் குறிப்பு எழுதுகிற ஒரு சின்னப் பெட்டியை அவன் திறந்தே வைத்திருந்தான். போனில் கூப்பிட்டால், "வேலையா இருக்கேம்மா" என்பான். நான் காபியைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெட்டிக்குள் ஒரு விரலால் அடித்தேன். வாட்ஸ்அப்பில் அடிக்கிற மாதிரி, ஆங்கில எழுத்தில் தமிழ்.

"சாப்பிட்டியா?"

அம்புக்குறி துள்ளியது. என் எழுத்துக்குக் கீழே எழுத்துக்கள் ஓடி வந்தன. "அப்பா, தொடாதீங்க. படம் ஓடிட்டிருக்கு."

"அப்பா இல்லை. அம்மா."

பக்கத்துக் கூடத்தில் கல் அறுக்கிற மிஷின் நின்று, மறுபடி ஆரம்பித்தது. நான் அடித்தேன்: "எப்ப வர?"

"தையில" என்று வந்தது. வந்த எழுத்துக்கள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. "ஏப்ரல்ல லீவு" என்று வந்தது. அதுவும் மறைந்தது. "இந்த வருஷம் கண்டிப்பா" என்று வந்தது. கண்டிப்பா முதலில் போயிற்று. கொஞ்சம் பொறுத்து மற்றதும் போயிற்று. போனாக இருந்தால் கடைசியில் தேறுகிற பதில் மட்டும்தான் எனக்கு வந்திருக்கும். இங்கே அவன் எனக்குச் சொல்லப் பார்த்து முடியாமல் போனது எல்லாம் என் கண் முன்னால் வந்து வந்து அழிந்தது. அவனுக்குப் பொய் சொல்லவும் மனசு வரவில்லை, நிஜத்தைச் சொல்லவும் வரவில்லை. விடுடா கண்ணா, ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று அடிக்க நினைத்தேன். எழுத்துக்களைத் தேடுவதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"இன்னும் சாப்பிடலைம்மா. பசிக்குது."

அதை மட்டும் அவன் அழிக்கவில்லை.